மின்வாய்க்கு வைத்த பொட்டு

14.2.2006: கரி மின்வாய் ஐந்து, ரூ. 27,500.
3.7.2006: கார்பன் நானோகுழாய் ஒரு கிராம், ரூ. 7,200.
22.8.2007: மெருகேற்றும் அலுமினாப் பொடி, ரூ. 1,350.
18.10.2007: பூஜைச் சாமான், ரூ. 140.

பாண்டிமீனாவின் ஆராய்ச்சிச் செலவுக் கணக்கில் சில வரிகள் இவை. திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கரும்புக்கு நீர் பாய்ச்சி வளர்ந்த பெண். இப்போது தினமும் பஸ் பிடித்து மதுரைக்கு வந்து, ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் கிணற்று நீரைச் சோதித்தாள். உரம் போட்ட வயல்களின் கிணறுகளில் நைட்ரைட் எவ்வளவு கலந்திருக்கிறது என்று நொடியில் சொல்லும் மின்வாய் ஒன்றைச் செய்வதுதான் அவள் வேலை.

மின்வாய் என்பது பென்சில் கனத்தில் ஒரு குச்சி. அதன் நுனியில் மிளகு அளவு கரிவட்டம். அதை அலுமினாக் கூழ் தடவிய துணியில் தேய்த்து மெருகேற்றி, நானோகுழாய் கரைந்த மையை ஒரு சொட்டு விட்டு உலர்த்துவாள். தலைமுடியை ஆயிரம் கூறு போட்டாலும் அதைவிட மெலிந்தவை அந்தக் குழாய்கள். நீரில் முக்கி மின்னழுத்தத்தை ஏற்றினால் திரையில் ஒரு கோடு ஓடும். நைட்ரைட் இருந்தால் கோடு ஓரிடத்தில் மேடு கட்டும். மேட்டின் உயரமே அளவு.

இதைப் பற்றி அவள் அனுப்பிய கட்டுரையைப் படித்த வெளிநாட்டு இதழ், ஐந்து மின்வாய்களும் ஒரே மாதிரி வேலை செய்வதைக் காட்டச் சொல்லி நவம்பர் முப்பது வரை தவணை கொடுத்தது. இதழ் கட்டுரையை ஏற்காமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. உதவித்தொகையோ ஜனவரியோடு முடிகிறது.

அக்டோபர் கடைசியில் தொடங்கினாள். சுத்தமான நீரிலேயே, நைட்ரைட் மேடு வரும் இடத்துக்கு வெகு முன்னால், இன்னொரு மேடு நின்றது. அழுக்கென்று எண்ணி மறுபடி தேய்த்தாள். மேடு வளர்ந்தது. தேய்க்கத் தேய்க்க வளர்ந்தது.

"குழாய் கெட்டுப்போச்சு மீனா. புதுசா வாங்கணும்," என்றார் வழிகாட்டி ராஜாராம்.

"ஆகஸ்ட்ல இதே குப்பிதான் சார். அப்ப கோடு தட்டையா இருந்துச்சு. குழாய் மேல குத்தமில்ல."

நடுவில் என்ன மாறியது? கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சோணைமுத்துவிடம் போனாள்.

"அண்ணே, இங்க எதையாச்சும் மாத்துனீங்களா?"

"நா எதுக்குத் தாயி மாத்தப்போறேன்? ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சேன், அம்புட்டுத்தான்."

"எதுக்கெல்லாம் வச்சீங்க?"

"எல்லாத்துக்கும்தான். ஒண்ண விட்டா அது கோவிச்சுக்கிறாதா?"

"தேய்க்கிற துணிக்கு?"

"நீ பொழுதன்னைக்கும் அதுலதான கெடக்க! அதுக்கு மட்டும் ரெண்டு பொட்டு."

பாண்டிமீனாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கரி படிந்து கறுத்த துணியில் குங்குமம் யார் கண்ணுக்குத் தெரியும்? குங்குமத்தில் மஞ்சள் உண்டு. மஞ்சளின் சாயத்தை நானோகுழாய் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குங்குமத்தில் ஒரு சிட்டிகையைக் கரைத்து, நூறு மடங்கு நீர் சேர்த்து, சுத்தமான மின்வாயை முக்கினாள். அதே இடத்தில் அதே மேடு. துணியை மாற்றியதும் மேடு போனது. ஐந்து கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன.

"இதழுக்கு எழுதுற பதில்ல பூஜைக் கதையெல்லாம் எழுதாதம்மா. துணி மாத்துனோம்னு ஒரு வரி போதும். சிரிப்பாங்க," என்றார் ராஜாராம்.

"சிரிக்கட்டும் சார். இந்த மின்வாய நம்பலாமாங்குறதுதான அவங்க கேள்வி? எங்க ஏமாந்துச்சு, எப்படிப் பிடிச்சோம்னு சொன்னாத்தான நம்புவாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் பேருதான் முதல்ல இருக்கு. உன் இஷ்டம்."

குங்குமக் கோட்டையும் ஒரு படமாகச் சேர்த்து, நவம்பர் இருபத்திரண்டில் அனுப்பினாள். டிசம்பர் முழுக்க ஒரு தகவலும் இல்லை. அவள் காத்திருக்கவில்லை, ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன இதழின் கடிதம் வந்து சேர்ந்த தேதி 9.1.2008.