செத்துப்போனதாக வெட்டிய ஓக்

ஒவ்வொரு வசந்தத்திலும் வெர்னா டாலெஃப்சன் வேலைக்குப் புறப்படும் முன், வீட்டு முன்னால் தெருவோரம் நின்ற ஓக் கன்றின் சிறு கிளையொன்றைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பாள். உயிர் இருப்பதற்கு அடையாளமாக உள்ளே பச்சை தெரிந்த பிறகுதான் வண்டியை எடுப்பாள். எட்டு வருஷம் இந்தப் பழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்பவள்.

அந்த இடத்தில் முன்பு வெள்ளி மேப்பிள் ஒன்று நின்றது. அமெரிக்காவில் டகோட்டாவின் அந்தச் சின்ன ஊர் முழுக்க அந்த மரம்தான். சீக்கிரம் நிழல் தரும் என்று ஆளாளுக்கு நட்டார்கள். கட்டைக்கு வலு இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு நவம்பரில் மழை விழ விழ உறைந்து, கிளையெல்லாம் பனிக்கட்டி ஏறி, பாதி மரம் பிளந்து சமையலறைக் கூரையை உடைத்துக்கொண்டு இறங்கியது. அடுப்பருகே நின்ற அவள் புருஷன் ஆர்லனுக்குத் தோள் எலும்பு நொறுங்கியது. அந்தக் கை இன்றும் தலைக்கு மேல் எழாது. அதே பனியில் ஆற்றங்கரை ஓக் மரங்களில் ஒரு கொம்புகூட முறியவில்லை. அங்கே அவள் பொறுக்கி வந்து நட்ட விதையில் முளைத்ததுதான் இந்தக் கன்று. எட்டு வருஷத்தில் அவள் தோள் உயரம் வந்திருந்தது.

மே மாதத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தால் கன்றைக் காணோம். தரையோடு அறுத்த அடிக்கட்டை மட்டும் இருந்தது. பக்கத்திலேயே புதிதாக நட்ட மேப்பிள். தெருவோர மரங்களைப் பார்த்துக்கொள்ளும் நகராட்சி ஆள் டுவேன் தன் வண்டியருகே நின்றான். அவளோடு பள்ளியில் படித்தவன்.

"செத்துப்போச்சு வெர்னா. ஊரே தளிர்த்தாச்சு, இது மட்டும் குச்சியா நிக்குது."

"ஓக் கடைசியிலதான் தளிர்க்கும்."

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"மரம் பாக்குறதுதான உன் வேலை?"

வண்டியிலிருந்து கன்றை இழுத்து நகத்தால் கீறினாள். பச்சை. "நீயும் கீறிப் பாரு."

டுவேன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். "இதுக்கு ஏன் இவ்வளவு கோவம்? நாலு வருஷத்துல மேப்பிள் உன் கூரையைத் தொட்டுரும்."

"போன தடவையும் தொட்டுச்சு. ஆர்லனக் கேட்டுப் பாரு."

மறுவாரம் நகராட்சிக் கூட்டத்தில், வாழ்நாளில் முதல்முறையாக, பேச எழுந்து நின்றாள். கன்றை மேஜைமேல் வைத்தாள்.

"செத்ததுக்குக் காரியம் பண்ண வந்துட்டியாம்மா?" என்றார் தலைவர் லீலண்ட். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"கீறிப் பாத்துட்டுச் சிரிங்க."

ஐந்து உறுப்பினர்களும் கீறினார்கள். ஐந்து கீறலிலும் பச்சை. அப்புறம், நட்ட மேப்பிளைப் பிடுங்க முடியாது, ஒரு வீட்டு முன்னால் ஒரு மரம்தான் விதி என்று ஐந்து பேரும் கை தூக்கினார்கள்.

ஜூனில் அடிக்கட்டை துளிர்த்தது. முயல் கடிக்காமல் அன்றே கம்பிவலை கட்டினாள்.

நாலு வருஷம் ஆகிறது. மேப்பிள் கூரையைத் தொட்டுவிட்டது. ஓக் அவள் இடுப்பளவு நிற்கிறது. இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்லி நகராட்சியிலிருந்து மூன்று கடிதம் வந்துவிட்டது. மூன்றுக்கும், மேப்பிளை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறாள். இதுவரை யாரும் வரவில்லை.