நஸீமா டீச்சரின் பாதையை மறித்தவர்களுக்கு

ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது நஸீமா டீச்சரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "உம்மா மவுத்தாகிட்டாங்க டீச்சர்" என்பதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. நீரிழிவு, எங்கள் வாயில் சீனி வருத்தம், அவரை வருடக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சிவப்புப் பேனையைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன். பக்கத்து மேசை ஆசிரியை என் கையிலிருந்து தாள்களை வாங்கி வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஊரெல்லாம் இப்போது பேசும் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அமைதியானவராம், பொறுமைசாலியாம். யாரைச் சொல்கிறார்கள் இவர்கள்?

தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த குடும்பம் அவருடையது. எங்கள் பள்ளிக்கூடத்தில் நியமனம் கிடைத்த முதல் நாளே சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கள் பக்கத்தில் அப்போது பெண்கள் சைக்கிள் ஓடுவதில்லை. கடைவாசலில் நின்ற ஒருவர், "பொம்புள ரோட்டால சைக்கிள்ல போனா நாலு பேரு பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். "நடந்து போனா மட்டும் நீங்க கண்ணை மூடிக்கொண்டா இருக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு டீச்சர் போய்விட்டார்.

பிறகு இடம்பெயர்ந்தோர் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளும் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள். பெரிய வீதியில் சீமெந்து லொறிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில்தான் வரவேண்டும். ஒருநாள் ஒரு லொறி ஒதுக்கியதில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி விழுந்து கை முறிந்தாள். அவளுடைய வாப்பா படிப்பையே நிறுத்திவிட்டார். டீச்சர் அந்த வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "லொறி செய்த குற்றத்துக்குப் பிள்ளைக்கா தண்டனை?" என்று கேட்டார். அந்த வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ரோடு சரியில்லையே டீச்சர், நான் என்ன செய்ய?" என்றார்.

அன்றிலிருந்து வீதியோரம் ஒரு சைக்கிள் பாதை கேட்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறினோம். ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே, "சைக்கிள் பாதையெல்லாம் கொழும்புக்குத்தான் டீச்சர் சரி" என்றார். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "கொழும்பில சைக்கிள் ஓடுறது உடம்பு மெலியிறதுக்கு. எங்கட பிள்ளையள் ஓடுறது படிக்கிறதுக்கு. யாருக்கு முதல்ல வேணும், நீங்களே சொல்லுங்க" என்றார். அதிகாரி தேநீர் வரவழைத்தார். டீச்சர் அதைத் தொடவில்லை.

கடைசியில் பாதை வந்தது. வீதியோரமாகக் கோடு போட்டு, பச்சை பூசி, பள்ளிக்கூட வாசலிலிருந்து மதகு வரைக்கும். மதகிலிருந்து குடியிருப்பு வரையுள்ள மிச்சத்தை அடுத்த கட்டத்தில் செய்வதாகச் சொன்னார்கள். அந்த அடுத்த கட்டம் இன்னும் வரவில்லை. போட்ட பாதையையாவது விட்டார்களா? தேங்காய்க் குவியல் ஒருநாள், சல்லிக்கல் ஒருநாள், உல்லாசப் பயணிகளின் வேன் ஒருநாள். கேட்டால், "ஒரு நாளைக்குத்தானே" என்பார்கள்.

ஒருமுறை கலியாணப் பந்தலையே பாதைக்கு மேல் போட்டுவிட்டார்கள். பள்ளிவிட்ட நேரம். உள்ளே ஆண்கள் சஹன் என்கிற பெரிய தட்டுகளைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து, "இறங்கி உருட்டிக்கொண்டு வாங்க. பாதை இதுதான்" என்று சொல்லி, தன் சைக்கிளோடு பந்தலுக்குள் நுழைந்தார். மணியடித்துக்கொண்டு, சலாம் சொல்லிக்கொண்டு, சஹன்களுக்கு நடுவே ஊர்வலம். மாப்பிள்ளையின் மாமா கையில் பிசைந்த சோற்றோடு எழுந்து நின்றார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகு யாரும் அங்கே பந்தல் போடவில்லை.

இந்த மனுசியைத்தான் பொறுமைசாலி என்கிறார்கள்.

ஜனாஸா நல்லடக்கத்தன்று நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. டீச்சரின் வீடு அந்தப் பாதையை ஒட்டியே இருக்கிறது. அவரைப் பார்க்க வந்தவர்கள் கார், வேன், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா? பச்சை நிறத்தின் மேல், ஒன்றோடொன்று ஒட்டி, மதகு வரைக்கும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பெரிய வீதியில் இறங்கினார்கள். பின்னால் வந்த லொறி அடித்த ஹோர்னில் ஒரு பிள்ளை தடுமாறிக் காலை ஊன்றியதை ஜன்னலால் கண்டேன். டீச்சரின் மையத்துக்குப் பக்கத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

முன்னால் நின்ற வேன் ஊர்ப் பெரியவரான ஒரு ஹாஜியாருடையது. "ஹாஜியார், வாகனத்தை எடுங்க" என்றேன்.

"என்ன டீச்சர், மையத்து வூட்ல நிண்டு கத்துறீங்க? ஒரு நாளைக்குத்தானே" என்றார் அவர். "இந்தப் பாதைக்கு அவங்கட பேரையே வைக்கச் சொல்லி நான் பேசப் போறேன். அவங்க எவ்வளவு பொறுமையான மனுசி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேரு வேணாம் ஹாஜியார். சாவி எங்க?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் முணுமுணுத்தபடி வேனை எடுத்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். ஒரு கந்தோர் வாகனம் மட்டும் அசர் தொழுகையையும் தாண்டி, மையத்தைச் சுமந்த சந்தூக்கு வீட்டை விட்டுப் போன பிறகும் அங்கேயே நின்றது.

அவருடைய மகள் உம்மாவின் நினைவாக என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். எனக்கு அவருடைய கோபம் இருக்கிறது, அது போதும். காலையில் பள்ளி தொடங்கும் முன் மதகடியில் நிற்கிறேன், பாதை முடிகிற அந்த இடத்தில். லொறிகளுக்குக் கையை நீட்டி, பிள்ளைகளைக் கடக்க விடுகிறேன். மிச்சப் பாதை குடியிருப்பைப் போய்ச் சேரும் வரைக்கும் நிற்பேன்.

டீச்சருக்காகத் துஆக் கேட்கிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். அதற்கு முதல், உங்கள் வாகனத்தை எடுங்கள்.