உயிரோடு இருந்தவருக்கு ஒரு பூசைக் கருத்து

உயிரோடு இருந்த மனிதருக்கு நான் இறந்தோர் பூசை எழுதிக் கொடுத்தேன். தெரிந்தேதான் செய்தேன். காரணம் ஒரு மின்விசிறி.

எங்கள் பேராலயத்தில் ஞாயிறு காலைப் பூசைக்கு ஊரே கூடும். கடவுளுக்காக மட்டும் வருகிறோம் என்றால் கடவுளே நம்ப மாட்டார். பெண் பார்ப்பதும், துறைமுக வேலைக்குச் சொல்லிவைப்பதும் அங்கேதான். அத்தனை பெரிய கோயிலில் ஒழுங்காகச் சுற்றும் மின்விசிறி மூன்றாம் பெஞ்சுக்கு மேலே இருப்பது ஒன்றுதான். அதன் கீழே என் பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். நான் கல்லூரி வாத்தியார். படித்தவனுக்குத்தான் காற்று வேண்டும் என்பது என் கட்சி. ஒருநாள் தள்ளி உட்காரச் சொன்னேன்.

"நரகத்துக்குப் போறதுக்கு முன்னால கொஞ்சம் வேர்த்துப் பழகும்வே," என்றார். நாலு பெஞ்சு சிரித்தது.

யாருக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று எழுதிப் போடும் கருத்துப் பெட்டியில் அந்த வாரமே சீட்டுப் போட்டேன். இறந்தவரின் ஆன்மா இளைப்பாற என்று அவர் பெயரையும் தெருவையும் எழுதினேன். பெட்டியில் விழுவதை யாரும் சரிபார்ப்பதில்லை. ஞாயிறு பூசையில் பெயரை வாசிக்கும்போது அவர் பதறி எழுவார், இந்த முறை நான் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

எழுந்தார். நானும் சிரித்தேன். ஆனால் பூசையை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்பதை மறந்துவிட்டேன். கேமரா பீடத்தை மட்டுமே பார்க்கும். குவைத்தில் நர்ஸாக இருக்கும் அவருடைய ஒரே மகள், தாயில்லாத பெண், அப்பாவின் பெயரை இறந்தோர் வரிசையில் கேட்டுவிட்டாள். கோயிலுக்குள் அவர் போனை அணைத்து வைத்திருந்தார். தெருக்காரர்களை அழைத்திருக்கிறாள், தெருவும் கோயிலில்தான் இருந்தது. பூசை முடியும்வரை அவளுக்கு அப்பா இல்லை.

அதன் பிறகு அவள் பூசை பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

பாவங்களைச் சாமியாரிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். "என்கிட்ட சொன்னா போதாது," என்று சாமியார் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்.

"தெரியும்வே," என்றார் கிரேன்காரர். "அன்னைக்கே சீட்ட வாங்கிப் பார்த்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்துற சிவப்பு மையில வேற எவன் சீட்டு எழுதுவான்? நீரே வந்து சொல்லுவீருன்னு இருந்தேன்." பிறகு போனை நீட்டினார். "மன்னிப்ப அவகிட்ட கேளும்."

கேட்டேன். "மாமா, நீங்களா?" என்றாள். வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு சாமியாரிடம் அனுமதி வாங்கி, ஒலிபெருக்கியில், நேரலையில், நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். பின்பெஞ்சில் யாரோ கைதட்டினார்கள். பாராட்டாகத் தெரியவில்லை.

அவள் மறுபடி பார்க்கத் தொடங்கியிருக்கிறாளாம். ஒரு நிபந்தனையோடு. இறந்தோர் பெயர்களை வாசிக்கத் தொடங்கும் முன், கிரேன்காரர் எழுந்துபோய்க் கேமராவுக்கு முன்னால் நின்று கையை ஆட்டிவிட்டு வர வேண்டும். ஞாயிறுதோறும் ஆட்டுகிறார். சாமியாரும் காத்திருக்கிறார். அந்த நேரத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் காலியாகத்தான் கிடக்கிறது. நான் தூணோரம் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு அவள் இன்னும் பேசவில்லை.