கடைசிப் பெட்டி

ஞாயிறு மாலை பாத்திரம் கழுவுவது தையல்காரரின் வேலை. பகலெல்லாம் பாசஞ்சர் ரயிலில் சுற்றிவர மனைவி போட்ட நிபந்தனை அது. இன்று ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

இன்று மகளையும் கூட்டிப் போயிருந்தார். ஒரு சின்ன ஸ்டேஷனில், எதிர்வண்டிக்கு வழிவிடும் கிராசிங்குக்காக வண்டி நின்றது. சீட்டில் தூங்கியவளை விட்டுவிட்டு, எதிர்வண்டியைப் படமெடுக்க இறங்கிப் பிளாட்பாரத்தின் பின்கோடி வரை போய்விட்டார். அது கடந்ததுமே இவருடைய வண்டியும் நகர்ந்தது. ஓடிவந்து தொற்ற முடிந்தது கடைசிப் பெட்டியில்தான். அங்கிருந்து மற்ற பெட்டிகளுக்கு உள்வழி கிடையாது. குழந்தை விழித்து, அப்பாவைத் தேடிக் கதவருகே போயிருப்பாளோ என்று அடுத்த ஸ்டேஷன்வரை வாசலில் எட்டிப் பார்த்தபடியே நின்றார். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க ரயில் பைத்தியம் அவளுக்கும் ஒட்டிக்கிச்சு. அடுத்த வாரமும் போகணுமாம். கூட்டிட்டுப் போறீங்கதானே?" என்றாள் மனைவி.

நடந்ததைச் சொன்னால், இனி மகளை அவரோடு அனுப்பமாட்டாள். சொல்லாவிட்டால் அனுப்புவாள். அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"உங்களைத்தாங்க! காதுல இன்னும் ஹாரன் அடிக்குதா?"

அவர் அதே டம்ளரை மறுபடியும் தேய்த்தார். சற்று நின்று பார்த்துவிட்டு, மனைவி மகளுக்குத் தலைவார உள்ளே போனாள்.