வெண்கலத்துக்குக் கிடைத்த மேசை

வெண்கலம் என்றால் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். குரல் அப்படி, கணீர் என்று இருக்கும். பகலில் குடிநீர் அலுவலகத்தில் பில் கட்டும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அந்த ஆத்திரமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி மைதானத்து மைக்கில் இறங்கும். சங்கத்தின் அறிவிப்பாளர், சம்பளமில்லாத பதவி. கல்யாணம் ஆகாதவர், அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தார். அத்தான் போனபிறகு அக்காவுக்கும் அவள் மகளுக்கும் தான்தான் துணை என்று சொல்லிக்கொள்வார். யாருக்கு யார் துணை என்பது சோறு பொங்குகிற பானைக்குத் தெரியும்.

ஹாக்கி மட்டை இவ்வளவுதான் வளைந்திருக்கலாம் என்று விதி உண்டு. மட்டையை ஒரு மர மேசையில் கவிழ்த்து வைத்து அடியில் ஓர் இரும்புத் துண்டை நுழைத்துப் பார்ப்பார்கள். நுழைந்தால் வளைவு அதிகம். முன்பெல்லாம் நடுவர் காதோடு காதாக, "இது வேணாம்ப்பா, வேற எடுத்துட்டு வா" என்பார். அதோடு முடிந்தது. பிறகு ஒரு பத்திரிகை, சங்கம் எல்லாவற்றையும் மூடி மறைக்கிறது என்று எழுதிவிட்டது. தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனிமேல் எல்லாம் பகிரங்கம் என்றார். விதி மீறிய மட்டைக்காரரின் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும், மட்டையை எல்லோர் கண்ணெதிரே ரம்பத்தால் அறுக்க வேண்டும், ஆளுக்கு அந்த வருஷம் முழுக்கத் தடை.

அறுப்பது மைதானத்துக் காவலாளி, பட்டப்பெயர் பீப்பாய். அதே மேசையில் மட்டையைக் கிடத்தி, நுனியை விளிம்புக்கு வெளியே நீட்டி, மேசை நடுவில் முழங்காலை ஊன்றித் தன் முழுப் பாரத்தையும் போட்டு அறுப்பார். வெண்கலத்துக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. "பாருங்க, அண்ணன் மட்டை கொண்டு வரல, அரிவாள் கொண்டு வந்திருக்காரு!" என்பார். கூட்டம் சிரிக்கும். ஒரு கோல்கீப்பர், மீசை வைத்த ஆம்பளை, நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார். "கண்ணீர வீணாக்காதீங்க, மைதானத்துக்கு இன்னும் தண்ணி லாரி வரல" என்றார் வெண்கலம். ஆட்டத்துக்கு வராதவர்கள்கூட அறுப்பதைப் பார்க்க வந்தார்கள். அகப்படுகிறவர்கள் வாரத்துக்கு வாரம் கூடினார்கள். "கடுமையா இருந்தாத்தான் களவு வெளிய வரும்" என்று தலைவர் பூரித்துப் போனார். இத்தனை பேர் திடீரென்று எப்படித் திருடரானார்கள் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

ஒரு ஞாயிறு, அக்கா மகளின் மட்டை மேசையில் ஏறியது. அவள் நல்ல ஆட்டக்காரி. அந்த மாதக் கடைசியில் தேசிய அணிக்கான தேர்வு. அவள் வயதுக்கு இனி அடுத்த தேர்வு கிடையாது. இரும்புத் துண்டு உள்ளே போய்விட்டது.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நேத்து வீட்ல தரையில வெச்சு நீங்களே அளந்தீங்களே. போகலையே."

வெண்கலத்துக்கு அது நினைவிருந்தது உண்மை. ஆனால் கூட்டம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மேற்கொண்டு பேசுவது மைக்கில் விழாதபடி கையால் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்தார்.

"இது என் கூடப்பிறந்த அக்கா பொண்ணுங்க! ரத்தமா இருந்தாலும் ரம்பம் ஒண்ணுதான். அறுங்க!"

அப்படி ஒரு கைதட்டலை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. தலைவர் மேடைக்கு வந்து கட்டிப்பிடித்தார்.

அவளைத் தெருவில் ஏமாத்துக்காரி என்றார்கள். கடைக்காரன்கூட, "எடை சரியா இருக்கா, இல்ல நீயே அளக்கிறியா?" என்று இளித்தான். அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள்: "நம்ம பொண்ணுன்னு மைக்ல சொல்லாம இருந்திருக்கலாமேடா?"

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்லக்கா" என்றார். சோற்றை ரசித்துச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் யாரோ அந்த மேசைமேல் டீயைக் கொட்டிவிட்டார்கள். டீ விளிம்புக்கு ஓடவில்லை. நாலா பக்கமிருந்தும் நடுவுக்கு வந்து குளமாக நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். பீப்பாய் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். அறுக்க அறுக்க மேசை குழிந்திருக்கிறது. குழியக் குழிய நல்ல மட்டையெல்லாம் அகப்பட்டிருக்கிறது. அகப்பட்டதையெல்லாம் அதே மேசையில் அறுத்திருக்கிறார்கள்.

பொருளாளர்தான் முதலில் வாய் திறந்தார். "மைக்ல சொன்னத மைக்லயே திருப்பிச் சொல்லிடலாம். தடைய எடுத்துடலாம்."

"சொல்லிட்டு மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கறது?" என்றார் தலைவர். பிறகு வெண்கலத்தின் பக்கம் திரும்பினார். "உங்க அக்கா பொண்ணு விஷயமும் இருக்கு. தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கு. நீங்க சொல்லணும்னா சொல்லிடுவோம்."

அந்த மனிதர் நெஞ்சில் என்னதான் இருந்தது? மருமகள் முகம் வந்திருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் கைதட்டல் வந்து நின்றுகொண்டது. ரத்தமும் ரம்பமும் பேசிய வாயால் மேசை கோணல் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். கூட்டம் எப்படிச் சிரிக்கும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

"புது மேசை வாங்கிட்டோம்னு மட்டும் சொல்லிடலாங்க" என்றார்.

அந்த ஞாயிறு மைக்கில் கணீரென்று ஒலித்தது: "நம்ம சங்கத்தின் நவீன வசதி, புத்தம் புதிய கல் மேசை!" கூட்டம் கைதட்டியது. தேர்வு நாள் வந்தது, போனது. அவள் அன்று முழுக்கத் துணி துவைத்தாள்.

பழைய மேசையை வெளியே போட்டால் எவன் கண்ணிலாவது படும் என்று தலைவர் பயந்தார். "நீங்களே எடுத்துக்குங்களேன்" என்றார். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஜாதி நம்ம ஆள். சாப்பாட்டு மேசை வேண்டும் என்று அக்கா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கனமாக நீலப் பெயிண்ட் அடித்து, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு வீட்டில் இறக்கினார். அக்காவுக்கு அத்தனை சந்தோஷம். "தம்பிக்கு வீட்டு நெனப்பு இருக்கு" என்றாள்.

முதல் மதியச் சாப்பாடு. அக்கா கை பட்டுத் தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்தது. மடியில் கொட்டும் என்று எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. எல்லாம் நடுவுக்குப் போய்த் தேங்கியது.

"என்னடா இது, நடுவுல குழியா இருக்கு?" என்றாள் அக்கா.

மருமகள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரிப்பைத் தூக்கி விளிம்பை விரலால் தடவினாள். பெயிண்டுக்கு அடியில் வரிசையாக ரம்பம் இறங்கிய வெட்டுகள்.

"இதுல எது என்னோடது மாமா?"

அவர் விரிப்பை இழுத்து மூடப் பார்த்தார்.

"எப்பத் தெரியும்? தேர்வுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பழக்க தோஷம், அவருக்கு வேடிக்கைதான் வாயில் வந்தது. "மேசைக்கும் வயசாச்சுல்ல பாப்பா, முதுகு வளையாதா?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா கந்தைத்துணியை எடுத்துத் தண்ணீரை ஒற்றிப் பிழிந்தாள்.

"சாப்பிட்டு முடி தம்பி. முடிச்சுட்டு, இந்த மேசையையும் தூக்கிட்டுக் கிளம்பு."

பட்டப்பகலில் மேசையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். பின்னாலேயே அக்கா வாசலுக்கு வந்தாள். அவள் குரலும் அதே வெண்கலம்தான், அதுவரை யாரும் கேட்டதில்லை.

"என் பொண்ணு மட்டை வளையவே இல்ல! வளைஞ்சது அந்த மேசை! தெரிஞ்சே வாய மூடிக்கிட்டான் இவன்!"

கதவுகள் திறந்தன. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. பிறகு யாரோ அவர் குரலிலேயே, அவர் இழுவையிலேயே கத்தினார்கள்.

"அறுங்க!"

தெருவே சிரித்தது. எதிர்வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பில் தூக்கிக் காட்டினாள். அதைப் பார்க்கக்கூட மருமகள் வெளியே வரவில்லை.