பாம்பனில் ஒரு கறுப்புக் கோடு

போன கிழமை ஜெர்மனியிலிருந்து தம்பி அன்ரன் வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். வருகிற ஆடி மாத விடுமுறைக்கு மனைவி பிள்ளைகளோடு காரில் இத்தாலிக்குப் போகிறானாம். ஹோட்டல் கட்டுப்படியாகாதாம், ஆகவே வழிநெடுகக் கூடாரம் அடித்துத் தங்குவதாம். கூடாரம், முளை, கயிறு, மடக்குக் கதிரை, காஸ் அடுப்பு, டோர்ச், நுளம்புக்குப் பூசும் எண்ணெய் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் இரண்டு வரி. "அக்கா, விசா கிடைச்சால் காரில உங்களுக்கும் ஒரு இடம் இருக்கு. ஆனா மப்பை மட்டும் நீங்கள் பாக்க வேண்டாம்."

நான் இருபத்தைந்து வருடமாகப் பள்ளிக்கூடத்தில் தேசப்படம் விரித்துப் புவியியல் படிப்பிக்கிறவள். என்னைப் பார்த்து இப்படிச் சொல்ல உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான் உரிமை உண்டு. அந்த உரிமை அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

கூடாரம் என்ற சொல்லை வாசித்ததும் எனக்கு மூக்கில் அடித்தது பழைய கன்வஸ் மணம். மண்ணெண்ணெயும் ஈரமும் எலியும் கலந்த மணம். நில அளவைக் கந்தோர் ஒன்றில் கழித்துவிட்ட கூடாரத்தை அப்பா எப்படியோ பிடித்துக்கொண்டு தலைமன்னாருக்குப் பக்கத்தில் எங்கள் தீவு ஊரான பேசாலைக்கு வந்தபோது எனக்கு வயது பதினொன்று, தம்பிக்கு நாலு. அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். எதையும் திட்டமிடாமல் செய்யமாட்டார். திட்டமிட்ட பிறகும் செய்யமாட்டார்.

கூடாரம் அவருடைய மிகப் பெரிய திட்டத்தின் ஒரு பகுதி. தம்பி குறைமாதத்தில் பிறந்தவன். பிழைத்தால் வேளாங்கண்ணி மாதாவிடம் கொண்டுபோய் அவனுடைய முதல் முடியை இறக்குவதாக அம்மா நேர்ந்திருந்தார். அவன் பிழைத்துவிட்டான், முடியும் நன்றாகவே வளர்ந்தது. எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இராமேஸ்வரம், அங்கிருந்து ரெயில். அயலில் பாதிப் பேர் போய்வந்தவர்கள்.

ஆனால் அப்பாவிடம் ஒரு கார் இருந்தது. சாம்பல் நிற மொறிஸ் மைனர். கடற்காற்று அடித்தட்டைத் தின்றுவிட்டதால், பின் சீற்றில் இருந்து குனிந்தால் கீழே றோட்டு ஓடுவது தெரியும். அந்தக் காரைக் கப்பலில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, தானே ஓட்டிக்கொண்டு போய் வேளாங்கண்ணிக் கோயில் வாசலில் நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. தங்குவதற்கு எங்கள் கூடாரம், சமைப்பதற்கு எங்கள் அடுப்பு, கறிக்கு எங்கள் கருவாடு. செலவில்லாத வெளிநாட்டுப் பயணம் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளங்கப்படுத்துவார்.

"இஞ்சேருங்கோ, கார் ஏத்துற காசுக்கு நாங்கள் நாலு பேரும் ரெண்டு தரம் போய்வரலாம்," என்பார் அம்மா.

"பெட்டியைத் தலையில வைச்சுக்கொண்டு ரெயிலுக்கு ஓடுறதுக்கோ? பொறும். என்னட்ட பிளான் ஒண்டு இருக்கு."

பிளான் இருந்த காலமெல்லாம் தம்பிக்கு முடி வளர்ந்துகொண்டிருந்தது. என்னுடையதைவிட நீளமான பின்னல். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கூடாரம் வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அப்பா அதைக் கடற்கரையில் அடித்துப் பரீட்சித்தார். அம்மா சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து உள்ளே பரிமாறினார். பாதிச் சாப்பாட்டில் சோழகக் காற்று ஒரு மூச்சு விட்டது. கூடாரம் அப்படியே எழும்பிப் போய், பக்கத்து வீட்டுத் தெரேசாக்காவின் கருவாட்டுப் பந்தலின்மேல் படுத்தது. அங்கே நிழலுக்கு நின்ற இரண்டு கழுதைகள் ஓட்டம் பிடித்தன. நாங்கள் நாலு பேரும் வெட்டவெளியில் சோற்றுக் கையோடு இருந்தோம். அப்பா அசரவில்லை. "சோழகத்துக்கு முதுகைக் காட்டி அடிச்சிருக்கோணும்," என்று சொல்லி அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அந்தக் கொப்பியில் பாதையும் இருந்தது. பாதையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். வகுப்பில் புவியியலுக்கு நான்தான் முதல் என்பதால் வீட்டிலும் எனக்கு அந்தப் பதவி. என் தேசப்படப் புத்தகத்தில் இராமேஸ்வரமும் எங்களைப் போல ஒரு தீவுதான். அதற்கும் பெருநிலத்துக்கும் நடுவே, பாம்பனில், கடலுக்கு மேலாக ஒரு கறுப்புக் கோடு. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"இது என்ன கோடு பிள்ளை?"

"றோட்டுத்தான் அப்பா."

எந்தக் கோடு எது என்று பக்கத்தின் மூலையில் சின்னதாகப் போட்டிருப்பார்களே, அந்தக் குறிவிளக்கத்தைப் பார்க்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. இன்றைக்கு என் மாணவர்கள் அதைப் பார்க்காமல் பதில் எழுதினால் நான் போடுகிற சத்தம் மூன்று வகுப்புக்குக் கேட்கும்.

தலைமன்னார்த் துறையில் கப்பலுக்குப் பதிகிற கந்தோருக்கு அப்பா என்னையும் புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்தவர் நல்ல மனிதர், கோட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"காரைக் கப்பலில ஏத்தலாம் ஐயா. அங்கால இறக்கியும் தருவாங்கள். ஆனா இராமேஸ்வரத்தை விட்டு வெளிய போக றோட்டு இல்லை. பாம்பனில இருக்கிறது ரெயில் பாலம். காரைத் திரும்ப ரெயிலில ஏத்தித்தான் கடக்கோணும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அவர் ஏசவில்லை. திரும்பி வரும்போது, "மப் கீறினவன் வடிவாக் கீறியிருக்கோணும்," என்று மட்டும் சொன்னார். அம்மாவிடம் வேறு செய்தி சொன்னார். பாம்பனில் றோட்டுப் பாலமும் கட்டுகிறார்களாம். கொஞ்சம் பொறுத்தால் இறங்கிய இடத்திலிருந்து காரிலேயே போகலாமாம்.

"பாலம் முடியிறதுக்கிடையில இவனுக்கு மீசை முளைச்சிடும்," என்றார் அம்மா.

மீசைக்கு முன்னால் பள்ளிக்கூடம் வந்தது. முதல் நாளே தம்பியைப் பெண்பிள்ளைகளின் வாங்கில் இருத்திவிட்டார்கள். அவன் அழுதுகொண்டு வந்து அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். இனிப் பள்ளிக்கூடமே வேண்டாமாம். அம்மா அவனை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். பங்குச் சுவாமி பின்னலைத் தூக்கிப் பார்த்தார். "மாதாவுக்கு நேர்ந்தது முடியைத்தானே, பிள்ளையின்ர படிப்பை இல்லையே. வெட்டிப் பத்திரமா வையுங்கோ. போகேக்க கொண்டுபோகலாம்." அன்று பின்னேரம் பின்னல் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போனது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியை அமத்தினார். அப்பா வெளியே கார் கழுவிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சண்டை தொடங்கியது, கப்பல் நின்றது. சில வருடம் கழித்துப் பாம்பனில் றோட்டுப் பாலம் திறந்த செய்தியை அப்பா பத்திரிகையிலிருந்து எங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். இப்போது கப்பல் இல்லையே என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் நாங்கள் நாலு பேரும் வெளிநாடு போகத்தான் செய்தோம், தெரேசாக்கா வீட்டு மீன்பிடி வள்ளத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. கார் முற்றத்தில் நின்றது. பிஸ்கற் ரின் அம்மாவின் மடியில் வந்தது. அக்கரையில் பெயர் பதிந்து, அகதி முகாமுக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் ஒரு பெரிய பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல், பக்கத்தில் தாழ்வாக ரெயில் பாலம். என்னுடைய கறுப்புக் கோடு. அப்பா எழும்பிக் கண்டக்டரிடம் கேட்டார்.

"தம்பி, இந்தப் பாலத்தில கார் போகுமோ?"

உப்புத் தண்ணீர் காய்ந்துபோன அவருடைய சேர்ட்டைக் கண்டக்டர் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "காரா? லாரியே போவுது சார்."

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "கேட்டனீரே? லொறியே போகுதாம்."

"ஓம், அகலமான பாலம்தான்," என்றார் அம்மா.

எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் எல்லாரும் எங்களைத்தான் பார்த்தார்கள். அம்மா குத்தலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. அவர் ரின்னை மடியில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

முகாமில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கூடாரம். அதே மணம். அங்கே அப்பாவை விஞ்சிய நிபுணர் ஒருவரும் இல்லை. வரிசை வரிசையாகப் போய், "காத்துக்கு முதுகைக் காட்டிக் கட்டுங்கோ," என்று எல்லாருக்கும் கயிறு இழுத்துக் கொடுத்தார். ஆக, செலவில்லாத வெளிநாட்டுக் கூடாரப் பயணம் அவர் விளங்கப்படுத்தியபடியே நடந்தேறியது, கார் மட்டும்தான் குறை. அதிகாரிகள் ஆள் எண்ண வரும்போது மற்றவர்கள் முகாமில் இருக்க வேண்டும் என்பதால், அனுமதி எடுத்துக்கொண்டு அம்மா மட்டும் பின்னலோடு வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறினார். மூன்றாம் நாள் திரும்பி வந்து வெறும் ரின்னை எங்கள் நடுவில் வைத்தார். தம்பிக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது.

பல வருடம் கழித்து ஊர் திரும்பியபோது கார் நின்ற இடத்தில் ஒயில் கறை மட்டும் இருந்தது. அதுவும் இரண்டு மாரியோடு போய்விட்டது. தலைமன்னாரில் பழைய துறையின் இரும்புகள் துருப்பிடித்து நிற்கின்றன. கப்பல் விடப்போகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்கள். முதலில் அப்பா கண்ணை மூடினார், பிறகு அம்மா. தம்பி பட்டியலோடு அனுப்பிய தன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாதா திரும்பக் கேட்டாலும் கொடுக்க அவன் தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

மப்பைப் பார்க்கமாட்டேன் என்று அவனுக்குப் பதில் போட்டேன். போட்டுவிட்டு, போனில் மப்பைத் திறந்தேன். அவன் வீட்டு வாசலில் விரலை வைத்து மெல்ல மெல்லத் தெற்கே இழுத்தேன். ஓர் எல்லை வந்தது, மலைகள் வந்தன, இன்னோர் எல்லை வந்தது. கோடு எங்கேயும் நிறம் மாறவில்லை, கடல் எங்கேயும் குறுக்கே வரவில்லை. இந்த முறை குறிவிளக்கத்தையும் பார்த்தேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆள் இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

"றோட்டுத்தான் அப்பா."