ஆடும், விழாது

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வெளியே கிடக்கும் மேசைகளுக்கு மேல் இரும்புக் கூரை. அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த என்ஜினியர் நான்தான். கூரை காற்றில் சாயாமல் இருக்க, மூலைக்கு மூலை குறுக்கே ஆங்கிள் என்கிற மெல்லிய இரும்புச் சட்டம் ஒன்று ஓடுகிறது. நடுவில் சற்றுத் தொய்ந்திருக்கும். காற்றடித்தால் நடுங்கும்.

இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவுதான் மெலியலாம் என்று எங்கள் தொழிலில் ஒரு விகிதம் உண்டு. தூண்களுக்கு அது கண்டிப்பு. மீறினால் பாரத்தில் வளைந்து நொடிந்துவிடும். இந்த ஆங்கிள் போல இழுபடும் இரும்பு அப்படி நொடியாது. ஆகவே அதற்கு அந்த விகிதம் முந்நூறைத் தாண்ட வேண்டாம் என்பது வெறும் பரிந்துரை. மெலிதாக இருந்தால்தான் அழகு என்றார் கட்டட உரிமையாளர். பரிந்துரைதானே என்று நானும் தலையாட்டினேன். தொய்வும் ஆட்டமும் வராமலிருக்கத்தான் அந்த முந்நூறு என்பது எனக்குத் தெரியாததா என்ன?

கூரை போட்ட கொஞ்ச நாளில் கடைக்கார அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, இது இப்படி ஆடுது? கஸ்டமருங்க மேல பாத்துட்டு எந்திரிச்சுப் போயிடுறாங்க லா."

"சேஃப்தான் அக்கா. ஆடும், விழாது."

சொன்னது பொய்யில்லை. அக்கா அதை அப்படியே நம்பினார். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டை அந்த ஆங்கிளுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டார், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. "என்ஜினியரே சொல்லிட்டாங்க, பயப்படாம உக்காருங்க" என்று எல்லோரிடமும் என்னையே சாட்சிக்கு இழுத்தார். அப்படியும் பாதி மேசை காலிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். தன் பக்கத்து மேசையில் எங்களை உட்கார வைத்தார். தோசையும் வந்தது. மழைக்கு முன்னால் வரும் காற்று ஒன்று வீசியது. தலைக்கு மேல் ஆங்கிள் கடகடவென்று ஆடியது. யோசிப்பதற்குள் என் கை மகளின் தட்டை எடுத்திருந்தது. "வாம்மா, உள்ள போயிடலாம்."

திரும்பினால், அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

"உள்ள ஃபேன் இருக்கு. பிள்ளைக்கு அதான் நல்லது" என்றார்.

சொல்லிவிட்டு, ஆடும் இரும்புக்குக் கீழேயே உட்கார்ந்து தன் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.